முத்திரை மரக்கால் எங்கே?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. பாபநாசம் பக்கத்து ஊர் ஒன்றில் ஜும்ஆ பயான் முடித்துவிட்டுப் பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றேன். ஒரு தம்பி வந்து ஸலாம் சொன்னார். பொறியியல் பட்டதாரி. அத்தா வளைகுடாவில் இருபது வருடம் வெயிலில் வெந்து அனுப்பிய காசில் படித்தவர்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும்."

"கேளுங்க தம்பி."

"வேலைக்கு மனுப் போடும்போது பேரைச் சுருக்கி எழுதலாமா? முதலெழுத்தும் பாதிப் பேரும் மட்டும். படிக்கிறவங்களுக்கு நாம யாருன்னு தெரியாத மாதிரி. அது பொய் சொன்ன குத்தமாகுமா?"

மதரஸாவில் ஓதி வெளியே வந்த நாள் முதல் எத்தனையோ மஸ்அலாக்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். தொழுகை, நோன்பு, ஜகாத், பாகப்பிரிவினை, தலாக். இந்தக் கேள்விக்கு நாக்கு எழவில்லை. தம்பி தன் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். அவர் மூன்று முறை மனுப் போட்ட கம்பெனியின் விளம்பரம். வரிசையாகச் சிரித்த முகங்கள். நடுவே முக்காடு போட்ட ஒரு பெண்ணும் இருக்கிறாள். எல்லா மதத்தவரும் எல்லா இனத்தவரும் எங்களுக்கு ஒன்றே என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தம்பிக்கு ஒரு முறைகூட அழைப்பு வரவில்லை. அவரைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய வகுப்புத் தோழனுக்கு முதல் மனுவிலேயே அழைப்பு வந்துவிட்டது.

காரணம் பெயர்தான் என்று அந்தத் தம்பியால் நிரூபிக்க முடியாது. என்னாலும் முடியாது. நிரூபிக்க முடியாத இடத்தில் அநீதி ஒளிந்துகொண்டிருப்பதுதான் இதில் பெரிய கொடுமை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

இலாபம் தரும் நீதி!

பெரிய கம்பெனிகள் சில ஆண்டுகளாக ஒரு புதிய பாடம் ஓதிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 'விழுமியங்கள்' உண்டாம். அவற்றில் முக்கியமானது 'பன்முகத்தன்மை'யாம். பலதரப்பட்ட மக்களையும் வேலைக்கு வைத்துக்கொள்வது நியாயம் மட்டுமல்ல, அதில் இலாபமும் உண்டு என்கிறார்கள். மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் 2015-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பல இனத்தவரும் தலைமைப் பொறுப்பில் இருக்கும் கம்பெனிகள் சராசரிக்கு மேல் இலாபம் ஈட்டும் வாய்ப்பு 35 சதவீதம் அதிகம் என்றது. 2018, 2020, 2023 என்று அதே ராகத்தில் மேலும் அறிக்கைகள் வந்தன. உலகமெங்கும் கம்பெனி முதலாளிகள் அதை மேற்கோள் காட்டினார்கள்.

நம்மில் படித்த சகோதரர்கள் சிலரும் இதை வரவேற்கிறார்கள். "நீதி, உரிமை என்று பேசினால் முதலாளி காதில் ஏறாது ஹஜ்ரத். இலாபம் என்று சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பான். நமக்குக் காரியம்தானே முக்கியம்?" என்று கேட்கிறார்கள். நல்ல எண்ணத்தில் கேட்கிற கேள்விதான். ஆனால் சகோதரர்களே, சற்றுச் சிந்தியுங்கள். இலாபத்துக்காகக் கிடைத்த நாற்காலி, நாளை நட்டம் என்று கணக்குச் சொன்னால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதை அமெரிக்கா காட்டிவிட்டது. 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினச் சகோதரர் போலீஸ்காரரின் முழங்காலுக்கடியில் மூச்சுத் திணறி இறந்தார். நாடே கொந்தளித்தது. பெரிய கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு வாக்குறுதி கொடுத்தன. டார்கெட் என்ற கடைத்தொடர் 2025-க்குள் கறுப்பினத்தார் நடத்தும் தொழில்களிடம் 200 கோடி டாலருக்கு மேல் கொள்முதல் செய்வோம் என்று 2021-ல் அறிவித்தது. பிறகு காற்று திசை மாறியது. 2024 ஆகஸ்டில் ஃபோர்டு, நவம்பரில் வால்மார்ட், 2025 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ், மெட்டா, டார்கெட் என்று ஒவ்வொன்றாக அந்தத் திட்டங்களைக் கைவிட்டன அல்லது சுருக்கிக்கொண்டன. அதே ஜனவரியில் டிரம்ப் பதவியேற்று, இத்தகைய திட்டங்களுக்கு எதிராக ஆணை பிறப்பித்தார். ஐந்தே ஆண்டில் விழுமியம் விலாசம் தெரியாமல் போய்விட்டது!

அந்த மெக்கின்சி கணக்காவது நின்றதா? ஜெரமையா கிரீன், ஜான் ஹேண்ட் என்ற இரு பேராசிரியர்கள் அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளை எடுத்து அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். அந்த இலாபம் தங்கள் கணக்கில் தென்படவில்லை என்று 2024-ல் எழுதினார்கள். இப்போது என்ன சொல்வீர்கள்? இலாபம் இல்லை என்று தெரிந்தால் நீதியும் வேண்டாமா? பொய் சொல்லாதே என்பதற்கு, உண்மை பேசினால் வியாபாரம் பெருகும் என்பதா காரணம்? வியாபாரம் படுத்தாலும் பொய் ஹராம்தான்.

எல்லோரும் ஓடிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காஸ்ட்கோ என்ற கடைத்தொடரின் பங்குதாரர் கூட்டத்தில் இந்தத் திட்டங்களைச் சந்தேகிக்கும் தீர்மானம் ஒன்று 2025 ஜனவரியில் வந்தது. 98 சதவீத வாக்குகள் அதற்கு எதிராக விழுந்தன. டார்கெட்டுக்கு எதிராகக் கறுப்பினத் திருச்சபைகள் நாற்பது நாள் நோன்பு போலக் கடைப் புறக்கணிப்பு நடத்தின. அந்த ஆண்டின் முதல் காலாண்டில் விற்பனை சரிந்ததற்கு மக்களின் எதிர்ப்பும் ஒரு காரணம் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. கம்பெனியின் விழுமியத்தை நம்பி உட்காராமல், கூடி நின்றவர்களின் குரல்தான் எடுபட்டது. இதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்த் தராசு

அமெரிக்காவை விடுங்கள். நம் வீட்டுப் பெண்கள் நகை வாங்கும் கடைக்கு வருவோம். 2020 அக்டோபரில் தனிஷ்க் நிறுவனம் ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. ஒரு முஸ்லிம் குடும்பம், இந்துவான தங்கள் மருமகளுக்கு வளைகாப்பு நடத்துகிற காட்சி. (அந்தத் திருமணத்தின் மார்க்கச் சட்டம் வேறு பேச்சு, இங்கே பேச்சு அதுவல்ல.) ஒற்றுமை என்று பொருள்படும் 'ஏகத்வம்' என்பது அந்த நகை வரிசையின் பெயர். வெறுப்புக் கூட்டம் புறக்கணிப்பு என்று கூச்சல் போட்டது. சில நாட்களில் படம் திரும்பப் பெறப்பட்டது. மனம் புண்பட்டது என்றும் ஊழியர்களின் நலன் என்றும் காரணம் சொன்னார்கள். கடையில் நிற்கும் ஊழியரின் அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது. ஒற்றுமையும் கடையில் வைத்த சரக்குதான். விற்றால் வைப்பார்கள், விற்காவிட்டால் எடுத்துவிடுவார்கள்.

தனிஷ்க்கை நடத்துவது டைட்டன் கம்பெனி. டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கியது. அதில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் இன்றும் டிட்கோவின் கையில் இருக்கிறது. அதாவது நம் வரிப்பணத்தின் கையில்! அன்று இது பற்றி டிட்கோ என்ன நினைக்கிறது என்று கேட்க வேண்டும் என்று நமக்குத் தோன்றியதா?

இதற்கு முந்திய ஆண்டு, 2019-ல், ஹோலிப் பண்டிகை நாளில் தொழுகைக்குப் போகும் முஸ்லிம் சிறுவன் மேல் வண்ணம் படாமல் ஒரு சிறுமி காப்பாற்றுவதாக சர்ஃப் எக்ஸல் சோப்புத்தூள் விளம்பரம் வந்தது. அதற்கும் அதே கூச்சல். அந்தக் கம்பெனி படத்தை எடுக்கவில்லை. ஒன்றும் மூழ்கிவிடவும் இல்லை. ஆக, நிற்க மனமிருந்தால் நிற்கலாம்.

விளம்பரத்தில் நம் முகம் வருவதும் வராததும் சின்ன விஷயம். வேலைப் பட்டியலில் நம் பெயர் வருகிறதா? அதுதான் கேள்வி.

சுகதேவ் தோரட், பால் அட்டெவெல் என்ற இரு அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள மனுக்களை அனுப்பினார்கள். பெயர் மட்டும் வேறு. ஒன்றில் உயர்சாதி இந்துப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். 2007-ல் முடிவு வெளிவந்தது. உயர்சாதிப் பெயருக்கு இருந்த வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒன்று! 2022-ல் லெட்பை என்ற அமைப்பு பெண்களின் பெயரை வைத்து இதையே செய்தது. ஆயிரம் வேலைகளுக்கு ஒரே தகுதியோடு இரண்டிரண்டு மனுக்கள். இந்துப் பெண் பெயருக்கு 208 சாதகமான பதில்கள். முஸ்லிம் பெண் பெயருக்கு 103. படிப்பு ஒன்று, அனுபவம் ஒன்று. பெயர் மட்டும்தான் வேறு.

2015-ல் மும்பையில் ஒரு வைர ஏற்றுமதி நிறுவனம், முஸ்லிம் அல்லாதவர்களைத்தான் எடுக்கிறோம் என்று மனுப் போட்ட இளைஞருக்கு எழுத்திலேயே பதில் அனுப்பியது. 2020 மே மாதம் சென்னை தியாகராய நகரில் ஒரு பேக்கரி, எங்களிடம் முஸ்லிம் ஊழியர் இல்லை என்று விளம்பரம் செய்தது, உரிமையாளர் கைதானார். இவர்கள் வாய்விட்டுச் சொன்னவர்கள், அதனால் மாட்டிக்கொண்டார்கள். சொல்லாமல் செய்கிறவர்களை எந்தப் போலீஸ் பிடிக்கும்?

மேலே ஏறிப் பார்த்தால் இன்னும் விளங்கும். 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, நாட்டின் ஆயிரம் பெரிய கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களை எடுத்துப் பார்த்தது. நூற்றுக்கு 93 பேர் முன்னேறிய சாதியினர். 2015-ல் எகனாமிக் டைம்ஸ் நாளேடு 500 கம்பெனிகளின் இயக்குநர்களையும் உயர் அதிகாரிகளையும் எண்ணிப் பார்த்தது. அவர்களில் முஸ்லிம்கள் 2.67 சதவீதம். நாட்டின் மக்கள்தொகையில் நாம் 14 சதவீதம். பன்முகம் இலாபம் தரும் என்று உண்மையாகவே நம்புகிறவர்கள், இத்தனை இலாபத்தை ஏன் வாசலிலேயே தடுத்து நிறுத்துகிறார்கள்?

திருக்குர்ஆனில் அளவை நிறுவையில் மோசடி செய்கிறவர்களின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது, 83-வது அத்தியாயம். வாங்கும்போது நிறைய அளந்து வாங்கிக்கொண்டு, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களுக்கு அங்கே எச்சரிக்கை வருகிறது. ரமலான் பிறந்தால் ஜவுளிக்கடை விளம்பரத்தில் பிறை வரும். நம் பிள்ளைகள் வளைகுடாவிலிருந்து அனுப்பும் பணத்துக்கு வங்கிகள் வலைவீசும். வாடிக்கையாளர் என்று வரும்போது நிறை மரக்கால். வேலை என்று வரும்போது குறை மரக்கால். வேறென்ன பெயர் இதற்கு?

எண்ணாத கணக்கு

"எங்களிடம் பாகுபாடு இல்லை" என்று கம்பெனிகள் சொல்கின்றன. சரி, கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டால்? கணக்கே கிடையாது!

பங்குச்சந்தையில் உள்ள முதல் ஆயிரம் கம்பெனிகள் 2022-23 முதல் ஆண்டுதோறும் தங்கள் சமூகப் பொறுப்பு பற்றி அறிக்கை தர வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது. ஊழியரில் பெண்கள் எத்தனை, மாற்றுத்திறனாளிகள் எத்தனை என்று அதில் கட்டங்கள் இருக்கின்றன. மிக நல்லது. மதம் என்ன, சாதி என்ன என்று ஊழியர் கணக்கில் கட்டம் இல்லை. நம் கும்பகோணத்தில் 1904-ல் தொடங்கி வளர்ந்த வங்கியானாலும் சரி, மும்பையின் மாபெரும் கம்பெனியானாலும் சரி, எல்லோருக்கும் அதே படிவம்தான். குறை நிரப்புகிறவரிடம் இல்லை, படிவத்தில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கட்டத்தைப் போட வழி ஏற்கெனவே வகுக்கப்பட்டுவிட்டது. 2006-ல் சச்சார் குழு இரண்டு யோசனைகள் சொன்னது. பாகுபாட்டைப் பற்றி முறையிட ஒரு சமவாய்ப்பு ஆணையம். எந்த நிறுவனம் எல்லா மக்களுக்கும் இடம் தருகிறது என்று அளக்க ஒரு பன்முகத்தன்மைக் குறியீடு. முதலாவதற்கு மாதவ மேனன் குழு, இரண்டாவதற்கு அமிதாப் குண்டு குழு. இரண்டும் 2008-ல் அறிக்கை கொடுத்தன. 2014 பிப்ரவரியில், ஆட்சி முடியும் தறுவாயில், மன்மோகன் சிங் அமைச்சரவை ஆணையத்துக்கு ஒப்புதல் தந்தது. சட்டம் வரவேயில்லை. அடுத்து வந்த ஆட்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அரசியலமைப்பின் 16-வது பிரிவு அரசு வேலையில்தான் சமவாய்ப்பை உறுதி செய்கிறது. தனியார் வேலையில் மதத்தின் பெயரால் ஒதுக்குவதைத் தடுக்கும் பொதுவான சட்டம் இன்றுவரை இல்லை.

"மதவாரியாகப் பட்டியல் எடுத்தால் கலவர நேரத்தில் அதுவே நமக்கு எதிராகத் திரும்பாதா?" என்று சிலர் அஞ்சுகிறார்கள். இந்த நாட்டில் அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. அதனால்தான் பெயர் வேண்டாம், முகவரி வேண்டாம், மொத்த எண்ணிக்கை மட்டும் போதும் என்கிறோம். பெண்களுக்கு அப்படித்தானே எண்ணுகிறார்கள்?

மண் சொல்லும் பாடம்

தஞ்சை மண்ணில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. பண்ணையாருக்கு நெல் அளக்க ஒரு மரக்கால், கூலி அளக்க வேறொரு மரக்கால் என்று இருந்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1940-களில் சீனிவாசராவ் போன்றவர்கள் இந்த மண்ணில் விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டியபோது எழுந்த கோரிக்கைகளில் ஒன்று, முத்திரை போட்ட மரக்காலில் கூலி அள என்பது. சர்க்கார் முத்திரை குத்திய மரக்காலுக்கு முன்னால் பண்ணையாரின் நல்ல மனமும் கெட்ட மனமும் ஒன்றுதான். அளவு மாறாது.

கூலியாள் வயிறார உண்டால் நன்றாக உழைப்பான், அதனால் உங்களுக்கே இலாபம் என்று மிராசுதாரர்களிடம் எத்தனை பேர் எடுத்துச் சொல்லியிருப்பார்கள்! அதைக் கேட்டா கூலி உயர்ந்தது? 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று, கூடுதல் கூலி கேட்ட கீழ்வெண்மணியில் 44 தலித் உயிர்கள் ஒரே குடிசையில் கருகின. அதன் பிறகு 1969-ல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. சங்கமும் சட்டமும் கொடுத்ததை எந்த இலாபக் கணக்கும் கொடுக்கவில்லை.

அரசு வேலையிலும் இதே கதைதான். 1927-ன் வகுப்புவாரி ஆணையில் பன்னிரண்டு இடங்களுக்கு இரண்டு நமக்கு என்று எழுதப்பட்டது. 2007-ல் 3.5 சதவீத இட ஒதுக்கீடு வந்ததற்கு முன்னால் இதே தஞ்சையிலும் குடந்தையிலும் நம் மக்கள் கடலாகத் திரண்டார்கள். முஸ்லிம்களை வேலைக்கு வைத்தால் கஜானா நிறையும் என்று யாரும் அன்று வாதாடவில்லை. எங்கள் பங்கைக் கொடு என்றோம். கிடைத்தது. 2013 கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட வகைக் கம்பெனிகளில் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்று எழுதிய பிறகுதானே பல கம்பெனிகளின் கண்ணுக்குத் தகுதியான பெண்கள் தென்பட்டார்கள்?

நம் தராசையும் பார்ப்போம்

சகோதரர்களே, கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோபப்படாதீர்கள்.

நபி (ஸல்) அவர்கள் மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத் போனபோது வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்திக்கொண்டது, இஸ்லாத்தை ஏற்காத அப்துல்லாஹ் பின் உரைகித் என்பவரை. உயிரைப் பணயம் வைத்த பயணம் அது. அவருக்குப் பாதை தெரியும், நம்பிக்கையானவர். அதனால் வேலை கொடுத்தார்கள். பன்முகத்தன்மை என்று பெயர் சூட்டி விளம்பரம் செய்யவில்லை. நாமும் அதைத்தான் கேட்கிறோம். சலுகை வேண்டாம், பாதை தெரிந்தவனா என்று மட்டும் பாருங்கள்.

ஆனால் நம் கடை கல்லாவில் அந்த அளவுகோல் இருக்கிறதா? நம் வியாபாரிகளின் கடைகளில் தலித் பிள்ளைகள் கல்லாவில் உட்காருகிறார்களா, மூட்டை தூக்க மட்டுமா? வடநாட்டிலிருந்து வந்து நம் உணவகத்தில் பரோட்டா போடும் பையனுக்குச் சட்டப்படியான கூலி உண்டா? நம் பெண்களை வெளியே வேலைக்கு எடுக்கவில்லை என்று குமுறுகிறோம்; நம் நிர்வாகத்தில் இருக்கும் பள்ளிகளில் நம் பெண்களுக்கே என்ன சம்பளம் கொடுக்கிறோம்? ஐந்து வேளையும் தொழவைக்கிற இமாமுக்கும், பாங்கு சொல்கிற மோதினாருக்கும் ஜமாஅத் அளக்கிற மரக்கால் எது? மினாராவுக்கு இலட்சங்கள், மோதினாருக்குச் சில்லறை. 83-வது அத்தியாயம் கம்பெனிகளுக்கு மட்டும் இறங்கியதா?

நம் தராசு நேரானால்தான் அடுத்தவன் தராசைக் கேட்கும் துணிவு வரும்.

செய்ய வேண்டியது

ஒன்று: செபி படிவத்தில் சாதி, மத மொத்த எண்ணிக்கைக்குக் கட்டம் வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இதைக் கேளுங்கள்.

இரண்டு: தனியார் வேலையையும் உள்ளடக்கிய சமவாய்ப்புச் சட்டம் வேண்டும். இதை நாம் தனியாகக் கேட்டால் போதாது. மேலே சொன்ன சோதனையில் நம்மோடு சேர்ந்து கழிக்கப்பட்டவை தலித் பெயர்கள். அவர்களோடு ஒரே மேடையில் நின்று கேட்க வேண்டும்.

மூன்று: நிலம், மின்சாரம், வரிச்சலுகை என்று தமிழக அரசு கம்பெனிகளுக்கு அள்ளிக் கொடுக்கிறது. கொடுக்கும் கை நிபந்தனையும் போடலாம். டிட்கோ பங்கு வைத்திருக்கும் கம்பெனிகளில் தொடங்கட்டும்.

நான்கு: மஹல்லாதோறும் ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தப் பிள்ளை, என்ன படிப்பு, எந்த வேலைக்கு மனு, என்ன பதில். ஓராண்டு எழுதினால் தெரிந்துவிடும், குறை நம் பிள்ளைகளின் தகுதியிலா, அவர்கள் தராசிலா என்று. தகுதியில் குறை இருந்தால் பயிற்சி கொடுப்போம். தராசில் குறை இருந்தால் அந்த நோட்டே சாட்சி சொல்லும்.

கடைசியாக, அந்தத் தம்பியின் மஸ்அலா. அன்று வாசலில் நின்றபடி நான் சொன்ன பதில் இதுதான்: "சுருக்கி எழுதுவது பொய்யாகாது தம்பி. உங்க வயித்துப்பாட்டை வச்சு நான் வீரம் பேச மாட்டேன். குத்தம் உங்க மேல இல்ல. உங்களைச் சுருக்க வச்சவங்க மேல இருக்கு. அதைப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கிற எங்க மேலயும் இருக்கு."

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். எந்தப் பெயரில் மனுப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவருக்குப் பெயர் வைத்த நாளில் காதில் பாங்கு சொல்லி, அந்தப் பெயரை முழுசாக உச்சரித்த அத்தா இதைக் கேட்டால் என்ன நினைப்பார் என்று எண்ணிக்கொண்டே நடந்தேன்.

நீங்களும் எண்ணிப் பாருங்கள். எண்ணிப் பார்த்தது போதும் என்று தோன்றினால், வரும் வெள்ளிக்கிழமை உங்கள் பள்ளிவாசலில் அந்த நோட்டைத் தொடங்குங்கள்.